ஒரு ஜாண் ஒயர்

அன்று மத்தியானம் மூன்று ஐம்பது வரைக்கும், தன் வாழ்நாளில் ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை என்றுதான் கரன்ட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பத்தொன்றுக்கு அந்த நம்பிக்கை போயிற்று.

வயது ஐம்பத்தெட்டு. வேலை பார்க்கும் லேசர் ஆய்வுக்கூடத்தில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கரன்ட்டுக்காரர்’ என்றால் வாசல் காவலாளி முதல் பெரிய விஞ்ஞானி வரை கை நீட்டிக் காட்டுவார்கள். பதினாலு வயதில் அடுத்தவருக்கு ஏணி சுமக்க ஆரம்பித்தவர். வீடு, கடை, ஆஸ்பத்திரி என்று எத்தனையோ சுவர்களுக்குள் அவர் இழுத்த ஒயர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் போட்ட இணைப்பின் மேல் எறும்பு ஊர்ந்தால், இணைப்பு எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. நசுங்கிய ஒயரைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. வெட்டி, சீவி, புதிதாக முனை போட்டு, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகருவார். இன்னும் பத்தொன்பது மாதத்தில் ஓய்வு. அதற்குப் பிறகு ஓய்வூதியம், காலை நீட்டி ஒரு தூக்கம். அவ்வளவுதான் ஆசை.

கூடத்தில் நடக்கும் வேலையை மனைவிக்கு அவர் ஒருமுறை விளக்கியிருக்கிறார்.

“கடுகு மாதிரி ஒரு உருண்டை. அதுக்குள்ள எரிபொருள், பனி மாதிரி உறைஞ்சு கிடக்கும். எட்டுப் பக்கத்துலேருந்து எட்டு லேசர் அதை ஒரே நேரத்துல அடிக்கும். தோல் வெடிச்சு வெளிய பறக்கும். அந்த உதைப்புல அதிர்ச்சி அலை உள்ள பாயும். எல்லாப் பக்கத்து அலையும் நடுவுல ஒண்ணா போய் முட்டிச்சுன்னா, சூரியனுக்குள்ள நடக்கிறது இங்கேயே நடக்கும்.”

“நடந்துச்சா?”

“இன்னும் இல்லை.”

“சூரியன்தான் காசு வாங்காம தினமும் வருதே. அதுக்கு எதுக்கு இத்தனை பேரு, இத்தனை ஒயரு?”

அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருத்தி இருந்தாள். மருமகள். அதே கூடத்தில் உருண்டை அறையில் வேலை. நுண்ணோக்கிக்குள் கண்ணைப் புதைத்து, அந்தக் கடுகை முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டுவாள். ஒட்டும்போது மூச்சு விடமாட்டாள். ஒரு உருண்டையைத் தேர்ந்தெடுத்து, தேய்த்து, சோதித்து, ஒட்டி முடிக்க மூன்று வாரம்.

மாமனாரும் மருமகளும் ஒரே வீட்டில் தூங்கி, ஒரே பஸ்ஸில் போய், ஒரே இடத்தில் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் பதினாலு மாதமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

காரணம் ஒரு சாப்பாட்டு டப்பா. ஒரு நாள் அவள் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாள். பெண் பட்டினி கிடக்குமே என்று இவர் அதைத் தூக்கிக்கொண்டு போய், உருண்டை அறைக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்ததுதான் தாமதம், “உள்ள வராதீங்க! பின்னால போங்க!” என்று ஒரு கத்தல். செருப்புத் தூசி அந்த அறைக்கு விஷம் என்பது உண்மை. அவர் தலைமுடியிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தால்கூட உருண்டை பாழ் என்பதும் உண்மை. ஆனால் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்களே! டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினவர்தான்.

அதிலிருந்து மனைவிக்குத் தூது வேலை.

“அவ டப்பா எடுத்துட்டாளான்னு கேளு.”

“ஏம்மா, டப்பா எடுத்துட்டியாம்.”

“எடுத்துட்டேன்னு சொல்லுங்க அத்தை.”

“எடுத்துட்டாளாம். ஏங்க, அவ இதோ ரெண்டடி தள்ளி நிக்கிறா. எனக்கு இந்த வேலைக்குச் சம்பளம் யாரு குடுப்பா?”

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாரக் கடைசியில் வந்து, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் போய்விடுவான். புத்திசாலி.

இப்படி இருக்கும்போதுதான் மருமகளின் தலைக்கு மேல் கத்தி தொங்க ஆரம்பித்தது.

உருண்டையை லேசரால் சுடும் சோதனைக்குக் கூடத்தில் ‘ஷாட்’ என்று பெயர். மூன்று வாரத்துக்கு முன் நடந்த ஷாட் கெட்டுப்போயிற்று. எட்டு லேசரும் சுட்டன. ஆனால் ஒரு பக்கத்து அலை மட்டும் முந்திக்கொண்டு போய், உருண்டையைக் கோணலாக நசுக்கிவிட்டது. மிதித்த பந்து மாதிரி இருந்தது படம். லேசர்களின் பதிவுகளைப் புரட்டினார்கள். எட்டும் சரியான நேரத்துக்குத்தான் சுட்டதாகப் பதிவு. அப்படியானால் மிச்சம் இருப்பது உருண்டை. ஒரு பக்கம் தோல் மெலிந்திருக்க வேண்டும், இல்லை சாய்த்து ஒட்டியிருக்க வேண்டும்.

“நான் சாய்ச்சு ஒட்டலை சார்” என்று அவள் சொன்னாள். கூடத்தின் தலைமை விஞ்ஞானி, எப்போதும் நொடிக் கணக்கிலேயே பேசுவதால் ‘நொடியார்’ என்று பெயர் வாங்கியவர், கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். “இன்னொரு உருண்டை ஒட்டும்மா. அதுவும் கோணலா போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உருண்டை வேலையை வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க” என்றார்.

மூன்று வாரம் அவள் வீட்டில் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பிசைந்தபடியே இருப்பாள். விரல் நுனிகளை எப்போதும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருப்பாள், பசை ஒட்டியிருப்பது போல. கரன்ட்டுக்காரர் அதையெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டே பார்த்தார். ‘கத்தினாயே, இப்போ யாரு திட்டு வாங்குறா’ என்று ஒரு குரல் அவருக்குள் சொல்லத்தான் செய்தது. பொய் சொல்வானேன், அந்தக் குரல் இனிக்கவும் செய்தது.

அந்த இரண்டாவது ஷாட் நாள்தான் இன்று. நேரம் நாலு மணி.

கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவரை ஒட்டினாற்போல் மின்பலகை. ஷாட் நேரத்தில் கரன்ட்டுக்காரர் நிற்க வேண்டிய இடம் அது. தலைக்கு மேல் ஒலிபெருக்கி, பலகைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை அமுக்கலாம். ஆறு வருஷத்தில் யாரும் அமுக்கியதில்லை.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அம்மாளை நொடியார் அந்தப் பக்கமாக அழைத்து வந்தார். சுவரில் வளையம் வளையமாகச் சுருட்டி மாட்டியிருந்த கறுப்பு ஒயர்களைக் காட்டி அந்த அம்மாள் கேட்டார்.

“இவ்வளவு ஒயரை ஏன் வீணா சுருட்டி வெச்சிருக்கீங்க?”

“வீண் இல்லைங்க. ‘சுடு’ன்னு லேசருக்குச் சொல்ற ஒயர் இது. எட்டும் ஒரே நீளம். பக்கத்துல இருக்கிற லேசருக்கும் தூரத்துல இருக்கிறதுக்குச் சமமாத்தான் ஒயர் விடுவோம். சிக்னல் ஒயர்ல ஓட நேரம் ஆகுமில்லையா? ஒரு ஜாண் குறைஞ்சாப் போதும், அந்த லேசர் ஒரு நானோசெகண்ட் முந்திடும். ஒரு நொடியை நூறு கோடித் துண்டு போட்டா அதுல ஒரு துண்டு.”

“அவ்வளவுதானே?”

“அந்த உருண்டைக்கு அது ஒரு ஆயுசுங்க.”

“ஒருவேளை அப்படி எதுவும்…”

“முந்தியிருந்தா பதிவுக் கருவி காட்டியிருக்கும். காட்டலை. அதனாலதான் உருண்டை மேல சந்தேகம்.”

இருவரும் கட்டுப்பாட்டு அறைக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. ஷாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடினால், முடியும்வரை திறக்காது.

கரன்ட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தொன்று.

ஒரு ஜாண்.

நாலு வாரத்துக்கு முன் ஒரு நாள். யாரோ தள்ளிக்கொண்டு போன இரும்பு வண்டியின் சக்கரம் ஐந்தாம் நம்பர் லேசரின் ஒயர் முனையில் ஏறிவிட்டது. அந்த ஒயர்களைப் பார்க்கிற ஆள் விடுப்பில் இருந்தான். நசுங்கின ஒயரைப் பார்த்துவிட்டு இவருக்குச் சும்மா போக முடியுமா? நசுங்கின பாகத்தை வெட்டி எறிந்து, புது முனை போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தார். சிக்னல் ஜம்மென்று போயிற்று. ஒயர் தாராளமாகத் தொய்ந்து கிடந்ததால் இழுத்து மாட்டியதும் எட்டிவிட்டது. எந்த ஒயரைத் தொட்டாலும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது விதி. ‘இத்துனூண்டு வேலைக்கு எழுத்து வேறயா’ என்று விட்டுவிட்டார். நாற்பத்துநாலு வருஷமாக அவர் பார்த்த கரன்ட்டுக்கு ஒரு ஜாண் கூடினாலும் குறைந்தாலும் விளக்கு எரியும். அது போதும். ஒயர்தான் நேரம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பதிவுக் கருவி? அதுவும் ஞாபகம் வந்தது. அவர் மாட்டிய முனையிலிருந்து ஒயர் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று லேசருக்கு, ஒன்று அதன் பதிவுக் கருவிக்கு. அப்படியானால் இரண்டும் ஒன்றாகத்தானே முந்தியிருக்கும்! ஓடுகிறவனும் அவனுக்கு நேரம் குறிக்கிறவனும் சேர்ந்து முன்னாலேயே கிளம்பிவிட்டால், கணக்கில் தப்பு எப்படித் தெரியும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருமகள் நின்றிருந்தாள். எதிரே திரையில் அவள் உருண்டை, முழு நிலா மாதிரி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு நிமிடம்” என்றது ஒலிபெருக்கி.

கண்ணாடியைத் தட்டினார். தடித்த கண்ணாடி. யாரும் திரும்பவில்லை. பலகையிலிருந்த தொலைபேசியை எடுத்தார். கடைசிப் பத்து நிமிடத்தில் அதில் உள்ளிருந்து பேசுவது மட்டும்தான் வெளியே கேட்கும். வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது சிவப்புப் பொத்தான்.

அமுக்கினால் என்ன ஆகும்? ஏன் அமுக்கினாய் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். புத்தகத்தில் எழுதாமல் ஒயரை வெட்டினவன் என்று தெரியும். பத்தொன்பது மாதம் பாக்கி. நாற்பத்துநாலு வருஷமாகக் கட்டிக் காத்த பெயர்.

அமுக்காவிட்டால்? அலை மறுபடியும் கோணலாகப் பாயும். அவள் வெளியே. இவர் மேல் ஒரு தூசி படாது. ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

“ஐந்து நிமிடம்.”

‘கத்தினா இல்லை?’ என்று அந்தப் பழைய குரல் எட்டிப்பார்த்தது. இந்த முறை அது இனிக்கவில்லை. வாயில் பித்தளையைக் கடித்தது போலிருந்தது.

“மூன்று நிமிடம். குளிர் உறை திறக்கிறது.”

உருண்டையைச் சுற்றியிருக்கும் குளிர் உறை திறந்துவிட்டால் அப்புறம் உருண்டைக்கு ஆயுள் சில நிமிடம்தான். உள்ளே பனி உருகிவிடும். அதற்கு முன்னால் அமுக்கியிருந்தால் ஷாட்டும் நின்றிருக்கும், உருண்டையும் பிழைத்திருக்கும். ஆறு நிமிடம் நின்று யோசித்ததில் அந்தப் பெண்ணின் மூன்று வார மூச்சு போயிற்று!

“ஒரு நிமிடம்.”

கூடத்தின் அடியில் மின்சாரம் நிரம்பும் பெட்டிகள் ரீங்காரமிட்டன. தரை அதிர்ந்தது. உள்ளே மருமகள் இரண்டு கைகளையும் வாயருகே கொண்டுபோய், நுண்ணோக்கி முன்னால் செய்வதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நாற்பது.”

கரன்ட்டுக்காரர் உள்ளங்கையை ஓங்கிப் பொத்தானில் அடித்தார்.

தடால் என்று கீழே ஒரு சத்தம். பெட்டிகள் அத்தனை மின்சாரத்தையும் தரைக்குள் கொட்டின. விளக்குகள் சிவப்பாயின. திரையில் முழு நிலாவின் ஓரம் மெல்லக் கலங்கி, ஒரு பக்கமாக வழிய ஆரம்பித்தது.

கதவு திறந்தது. முதலில் வந்தது நொடியார்.

“யாரு அமுக்கினது?”

“நான்தான் சார்.”

அவருக்குப் பின்னால் மருமகள். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவள் மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மூணு வாரம் மாமா” என்றாள். “மூணு வாரம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்களை வெளிய நிக்கச் சொன்னேன். அதுக்குப் பழிதீர்க்க இன்னைக்குத்தானா நாள் பார்த்தீங்க?”

“இல்லம்மா. உன் உருண்டையில தப்பே இல்லை. தப்பு என் கையில. அஞ்சாம் நம்பர் ஒயரை நான் வெட்டினேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். வண்டிச் சக்கரம், புது முனை, எழுதாத புத்தகம். நொடியாரின் முகம் சிவந்து, வெளுத்தது.

“எப்போ வெட்டினீங்க?”

“கெட்டுப்போன ஷாட்டுக்கு முந்தின வாரம் சார்.”

விசாரணை அம்மாள் முன்னால் வந்தார். “மருமகளைக் காப்பாத்த நீங்க இட்டுக்கட்டலைன்னு நாங்க எப்படி நம்புறது?”

“அம்மா, நாங்க பேசிக்கவே மாட்டோம்” என்றார் அவர்.

யாருக்கோ சிரிப்பு வந்து, அடங்கியது.

“எவ்வளவு நீளம் வெட்டினீங்க?” என்றார் நொடியார். உடனே கையை உயர்த்தித் தடுத்தார். “இருங்க, சொல்லாதீங்க.” ஒரு தாளில் எதையோ எழுதி, மடித்து, விசாரணை அம்மாளிடம் கொடுத்தார். “போன ஷாட்ல அலை எவ்வளவு முந்திச்சோ, அதுக்கு எவ்வளவு ஒயர் குறையணுமோ, அந்த அளவு இதுல இருக்கு. இவர் பார்க்கலை. இப்போ சொல்லுங்க.”

“அளக்கலை சார். வெட்டின துண்டு வீட்டுல இருக்கு. நல்ல ஒயர், தூக்கி எறிய மனசு வரலை.”

“வீட்டுக்குப் போன் போடுங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.”

மணி அடித்தது. நாலாவது மணியில் மனைவி எடுத்தாள்.

“என்னங்க, இந்நேரத்துல? அவ டப்பா எடுத்துட்டுத்தான் போனா.”

“அதில்லை. நான் கொண்டு வந்தேனே, கறுப்பு ஒயர்த் துண்டு. எங்க?”

“ஜன்னல் கதவு காத்துக்கு அடிச்சுக்குதுன்னு கட்டி வெச்சிருக்கேன். நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு எதுக்கு?”

“அவிழ்த்து அளந்து சொல்லு.”

“எதை வெச்சு அளக்கிறது? ஸ்கேலை நீங்கதானே எங்கேயோ தொலைச்சீங்க.”

“கையாலயே அளடி. இழுத்துப் பிடிச்சு.”

போனைக் கீழே வைக்கும் சத்தம். ஜன்னல் கதவு ஒருமுறை படீரென்று அடித்தது. முப்பது பேர் ஒரு ஒலிபெருக்கிக்கு முன்னால் மூச்சுவிடாமல் நின்றார்கள். மருமகள் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஜாண்” என்றாள் மனைவி. “கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏங்க, அங்க ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு? ஏதாவது ஆயிடுச்சா?”

“அவங்க ஜாண் எவ்வளவு?” என்றார் நொடியார்.

“இருபது சென்டிமீட்டர் சார். திரைத்துணி எடுக்கும்போதெல்லாம் அவ கைதான் அளவு. முப்பது வருஷமா நான் ஸ்கேல் வெச்சு சரிபார்த்துத் தோத்திருக்கேன்.”

விசாரணை அம்மாள் தாளைப் பிரித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு அதைத் திருப்பி, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். ‘இருபது’ என்று எழுதியிருந்தது.

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கரன்ட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். தொடவும் தெரியவில்லை, நகரவும் தெரியவில்லை.

“உறை திறக்கிறதுக்கு முன்னாலயே அமுக்கியிருக்கலாம்மா” என்றார், மெதுவாக. “பயந்துட்டு நின்னேன். அதையும் சொல்லிடணும் இல்லையா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று மாலை அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதி மீறினதற்கு வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. ஓய்வூதியம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. உருண்டை அறை மருமகளிடமே இருக்கும் என்று மட்டும் எழுத்தில் வந்தது.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது படியில் அவருக்குக் கால் தடுமாற, அவள் கை அவர் முழங்கையைப் பிடித்தது. வீட்டு வாசல் வரை விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, புது ஒயர் மாட்டி, புது உருண்டையோடு ஷாட். மணி நாலேகால். கரன்ட்டுக்காரர் வீட்டில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தார். கட்ட ஒயர் இல்லாத ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. போன் மணி அடித்ததும் மனைவி முந்திக்கொண்டாள்.

“சொல்லும்மா… ஆங்… ஏங்க, எட்டுப் பக்கத்து அலையும் ஒண்ணா போய் நடுவுல முட்டிச்சாம். கோணவே இல்லையாம். சூரியன் இன்னும் வரலையாம், ஆனா வழி திறந்துடுச்சுன்னு நொடியார் சொன்னாராம். உங்ககிட்ட சொல்லச்…”

அவர் எழுந்து வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அப்போ என் வேலை போச்சா?” என்றாள் மனைவி.

போனுக்கு அந்தப் பக்கம் கூடத்தின் ஆரவாரம் கேட்டது. நடுவில் மருமகளின் மூச்சு. அவர் பார்வை சமையல் மேடைமேல் போயிற்று.

“டப்பாவை வெச்சுட்டுப் போயிட்டியேம்மா” என்றார்.

“பயத்துல மறந்துட்டேன் மாமா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை.”

“கொண்டு வர்றேன். ஆனா என்னை உள்ள விடமாட்டாங்களே.”

“நீங்க உள்ள வர வேணாம். கேட்டுக்கிட்ட நில்லுங்க. நான் வெளிய வர்றேன்.”

அவர் டப்பாவை எடுத்துத் துண்டில் சுற்றினார். செருப்பை மாட்டும்போது, என்ன தோன்றியதோ, குனிந்து அதன் தூசியை ஒருமுறை தட்டிவிட்டுக் கிளம்பினார்.